ஏழாண்டு உத்தரவாதமும் பதினோராம் பக்கமும்

கடந்த ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் நான் கனடாவில் தங்கியிருந்த நாட்களில் எனது தங்கையின் மகன் புதிய கார் ஒன்றை வாங்கினான். ஏஜாக்ஸ் நகரில் வசிக்கும் அவன், மிசிசாகாவில் விமான நிலையத்துக்கு அண்மையில் உள்ள ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கின்றான். போக வர நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிலோமீற்றர். பழைய கார் ஒரே மாதத்தில் மூன்று தடவை நெடுஞ்சாலையில் நின்றுவிட்டதால் இனிப் பழையது வேண்டாம் என்று வீட்டில் முடிவாயிற்று. “மாமா, நீங்களும் வாங்கோ. நீங்கள் பேப்பர் வாசிக்கிற ஆள்” என்று என்னையும் அழைத்துச் சென்றான். அவன் சொன்ன பேப்பர் பத்திரிகையா, ஒப்பந்தமா என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

காரின் நிறமும் விலையும் ஒரு மணி நேரத்துக்குள் முடிவாகிவிட்டன. அதன் பின்னர் நிதி முகாமையாளரின் அறைக்குள் எங்களை அனுப்பினார்கள். வட அமெரிக்காவில் கார் வாங்கிய எவருக்கும் இந்த அறையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. கடனுக்குக் கைச்சாத்திடுவதற்கென்று உள்ளே போகின்றோம். அங்கே துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு, ரயர்களுக்கு ஒரு பாதுகாப்பு, கடனுக்கு ஓர் ஆயுட் காப்புறுதி என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கடைசியில் வருவது மேலதிக உத்தரவாதம். எல்லோர் வாயிலும் ‘எக்ஸ்ரெண்டட் வொறன்ரி’ என்று வழங்குவது இதுதான்.

அந்த அறையில் இருந்தவர் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு தமிழ் இளைஞர். பெற்றோர் வடமராட்சியைச் சேர்ந்தவர்கள் என்றார். எங்கள் ஊரையும் நான் படித்த பள்ளிக்கூடத்தையும் விசாரித்தார். மிகுந்த அன்போடும் மரியாதையோடும் நடந்துகொண்டார். அந்த மரியாதையில் போலித்தனம் இருந்ததாக இன்றும் நான் நினைக்கவில்லை.

“எல்லாத்தையும் கவர் பண்ணும் அங்கிள். ஏழு வருசம், ஒரு லட்சத்து அறுபதாயிரம் கிலோமீற்றர். கணக்குப் பார்த்தால் ஒரு நாளைக்கு ரெண்டு டொலரும் வராது. ஒரு கோப்பிக் காசு.”

என்னிடம் ஒரு பழைய பழக்கம் உண்டு. யாராவது ஒரு தொகையை நாட்கணக்கில் சொன்னால் அதை உடனே மொத்தமாகப் பெருக்கிப் பார்ப்பேன். வரவு செலவுத் திட்ட உரைகளைப் பல ஆண்டுகள் செய்தியாக்கியதால் வந்த பழக்கம் அது. உத்தரவாதத்தின் விலை 2,900 டொலர். ஒன்ராரியோவின் 13 வீத விற்பனை வரியைச் சேர்த்தால் 3,277 டொலர். அதைக் கார்க் கடனோடு சேர்த்து 7 வீத வட்டியில் 72 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் ஏறத்தாழ 56 டொலர். கடன் முடியும்போது கட்டியிருக்கும் மொத்தத் தொகை 4,000 டொலரைத் தாண்டிவிடும். இன்னும் கெட்டுப்போகாத ஒன்றைத் திருத்துவதற்கான பணத்தைக் கடனாக வாங்கி, அதற்கு 700 டொலருக்கு மேல் வட்டியும் கட்டுவது என்றால், அந்தக் கோப்பி சற்று விலை கூடிய கோப்பிதான்.

மருமகன் பேனாவைக் கையில் எடுத்துவிட்டான். ஒப்பந்தத்தை வாசித்துப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னேன். வழவழப்பான தாளில் அச்சிட்ட ஒரு விளம்பர மடலைத் தந்தார்கள். இதுவல்ல, கைச்சாத்திடும் ஒப்பந்தம் வேண்டும் என்றேன். “இண்டைக்கு எடுத்தால்தான் இந்த விலை அங்கிள்” என்று பதில் வந்தது. ஒன்ராரியோவில் விற்பனை நிலையத்துக்கு நேரில் சென்று கைச்சாத்திட்ட கார் ஒப்பந்தத்தை, பின்னர் மனம் மாறிவிட்டது என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பதற்குச் சட்டத்தில் கால அவகாசம் எதுவும் கிடையாது. அது எனக்குத் தெரிந்திருந்தபடியால், காருக்கு மட்டும் கைச்சாத்திட்டு உத்தரவாதத்தை ஒத்திவைக்கும்படி மருமகனிடம் சொன்னேன். பெரும்பாலான மேலதிக உத்தரவாதங்களைக் காரை வாங்கும் அன்றே வாங்கவேண்டும் என்பதில்லை. உற்பத்தியாளரின் உத்தரவாதம் முடிவதற்கு முன்னர் வாங்கினால் போதும். விலையிலும் பேரம் பேசலாம். அதில் விற்பனை நிலையத்துக்குக் கணிசமான இலாபம் இருப்பதால்தான் இத்தனை அக்கறை. ஒப்பந்தத்தின் பிரதி ஒன்றை அச்செடுத்துத் தந்தார்கள். பதினான்கு பக்கங்கள். அன்றிரவு தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து அதை வாசித்தேன்.

முதலில் பெயரைப் பற்றிச் சொல்லவேண்டும். காரைச் செய்தவன் காரோடு சேர்த்துத் தருவது உத்தரவாதம். அதன் விலை காரின் விலைக்குள் அடங்கியிருக்கின்றது. அதற்கு மேல் தனியாகப் பணம் கொடுத்து வாங்குவது வேறொரு பொருள். அமெரிக்காவில் 1975 ஆம் ஆண்டின் மக்னுசன்-மொஸ் உத்தரவாதச் சட்டம் இந்த இரண்டையும் வேறுபடுத்தி, பின்னையதைச் ‘சேவை ஒப்பந்தம்’ என்றே குறிப்பிடுகின்றது. எங்கள் மொழியில் அதைக் காப்புறுதி என்று சொன்னால் பொருள் இன்னும் தெளிவாகிவிடும். காப்புறுதி என்றால் யார் காப்புறுதியாளர், எதற்குக் காப்புறுதி, எதற்கு இல்லை என்று நாம் கேட்போம். உத்தரவாதம் என்ற சொல்லைக் கேட்டவுடன் அந்தக் கேள்விகள் மறந்துபோகின்றன. மருமகனுக்குத் தரப்பட்ட ஒப்பந்தத்தின் முதற் பக்கத்தில் இருந்த பெயர் காரைச் செய்த நிறுவனத்தின் பெயரும் அல்ல, விற்ற நிலையத்தின் பெயரும் அல்ல. நாங்கள் எவருமே கேள்விப்பட்டிராத ஒரு மூன்றாம் தரப்பு.

அடுத்தது ஏழு ஆண்டு என்ற கணக்கு. அந்த ஏழு ஆண்டும் காரை வாங்கிய அன்றே தொடங்குகின்றன. கனடாவில் ரொயோட்டா, ஹொண்டா ஆகிய இரண்டு நிறுவனங்களும் காரின் பெரும்பாலான பாகங்களுக்கு 3 ஆண்டு அல்லது 60,000 கிலோமீற்றர், எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் அவற்றோடு சேர்ந்தவற்றுக்கும் 5 ஆண்டு அல்லது 100,000 கிலோமீற்றர் என்று தாமாகவே உத்தரவாதம் தருகின்றன. ஹியுண்டாய், கியா போன்றவை எல்லாவற்றுக்குமாக 5 ஆண்டு அல்லது 100,000 கிலோமீற்றர் தருகின்றன. ஆகவே ஏழாண்டுக்கென்று பணம் கொடுப்பவர், முதல் மூன்று ஆண்டுகளில் ஏற்கெனவே தன்னிடம் உள்ள ஒன்றையே இன்னொரு தடவை வாங்குகின்றார். மிகச் செலவு வைக்கக்கூடிய எஞ்சினையும் கியர்பெட்டியையும் பொறுத்தவரை அது ஐந்து ஆண்டு. உண்மையில் வாங்குவது கடைசிச் சில ஆண்டுகளைத்தான்.

எனினும் இந்த இடத்தில் என் வாதத்தை நானே சற்றுத் தளர்த்த வேண்டியிருந்தது. மருமகன் ஓடும் தூரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 32,000 கிலோமீற்றர் வரும். அப்படியானால் உற்பத்தியாளரின் மூன்றாண்டு அவனுக்கு இரண்டாண்டுக்குள் முடிந்துவிடும். ஐந்தாண்டு மூன்றாண்டு சொச்சத்தில் முடிந்துவிடும். விற்பனையாளர் சொன்ன ஏழாண்டும் சரியாக ஐந்தாண்டில் முடிந்துவிடும். மாலையில் பலசரக்குக் கடைக்கும் ஞாயிறு கோவிலுக்கும் மட்டும் கார் ஓட்டும் ஓர் ஓய்வூதியரின் கணக்கு வேறு, இவனுடைய கணக்கு வேறு. இவன் வாங்குவது 60,000 இலிருந்து 160,000 வரையான ஒரு இலட்சம் கிலோமீற்றர். அதற்கு 4,000 டொலர் என்பது எடுத்த எடுப்பிலேயே மறுக்கக்கூடிய விலை அல்ல. தங்கை அதையே பிடித்துக்கொண்டாள். “அண்ணா, றோட்டிலை நிண்டால் அவனுக்கு அண்டைய சம்பளமும் போச்சு” என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

ஆனால் அந்தத் தூரத்தில் எது கெடுகின்றது என்றும் பார்க்க வேண்டும். 60,000 இலிருந்து 160,000 கிலோமீற்றர் வரை ஒழுங்காகப் பராமரித்த ஒரு ஜப்பானியக் காரில் வழமையாகச் செலவு வைப்பவை பிரேக் கட்டைகள், ரயர்கள், வைப்பர்கள், பற்றரி, எண்ணெய் மாற்றங்கள் ஆகியவை. தேய்மானம் என்ற ஒரே சொல்லால் இவை எல்லாவற்றையும் ஒப்பந்தம் வெளியே தள்ளிவிடுகின்றது. எஞ்சுவது எப்போதாவது நிகழும் பெரிய பழுது மட்டுமே. அமெரிக்காவின் கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் சஞ்சிகை 2013 ஆம் ஆண்டு தனது வாசகர்களிடையே நடத்திய கருத்தெடுப்பில், மேலதிக உத்தரவாதம் வாங்கியவர்களில் 55 வீதமானோர் அதனை ஒரு தடவைகூடப் பயன்படுத்தவில்லை என்று தெரியவந்தது. பயன்படுத்தியவர்களும் சராசரியாகப் பார்க்கும்போது மிச்சப்படுத்தியதைவிட நூற்றுக்கணக்கான டொலர்கள் கூடுதலாகவே செலுத்தியிருந்தார்கள். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. எல்லோருக்கும் இலாபமாக இருந்தால் அதனை விற்பவர் கடையை மூடவேண்டியிருக்கும்.

பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கர்லொஃப் 1970 இல் எழுதிய, பழைய கார்ச் சந்தை பற்றிய பிரபலமான கட்டுரையில் உத்தரவாதம் குறித்தும் ஒரு குறிப்பு உண்டு. பொருளின் தரம் விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அந்த இடைவெளியால் வரும் ஆபத்தை உத்தரவாதமானது வாங்குபவனிடமிருந்து விற்பவனிடம் மாற்றுகின்றது என்பது அவருடைய கருத்து. 2001 இல் நொபெல் பரிசு பெற்ற அந்த மனிதரின் நியாயம் காரோடு சேர்ந்து வரும் உத்தரவாதத்துக்குப் பொருந்தும். பணத்துக்கு விற்கும் உத்தரவாதத்தில் ஆபத்துக்கான விலையை வாங்குபவனே வட்டியோடு கட்டிவிடுகின்றான். அரை மணி நேரத்துக்கு முன்னர் முன் மண்டபத்தில் ‘இந்தக் கார் கெடவே கெடாது’ என்று விற்ற அதே நிலையம், உள் அறையில் ‘கெட்டால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டதை மருமகன் கவனிக்கவில்லை. எனக்கும் இரவில்தான் உறைத்தது.

இந்த வியாபாரத்தின் வரலாறும் நம்பிக்கை தருவதாக இல்லை. எல்லைக்குத் தெற்கே அமெரிக்காவில் இத்தகைய ஒப்பந்தங்களை நாடு முழுவதும் விற்றுவந்த யூ.எஸ். பிடெலிஸ் என்ற மிசூரி மாநில நிறுவனம் 2010 இல் வங்குரோத்தடைந்தது. அதன் உரிமையாளர்கள் பின்னர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2023 ஓகஸ்டில் அமெரிக்க மத்திய தொடர்பாடல் ஆணைக்குழு, காரின் உத்தரவாதம் முடியப்போகின்றது என்று இயந்திரக் குரலில் அழைப்பு விடுத்த ஒரு கும்பலுக்கு ஏறத்தாழ 300 மில்லியன் டொலர் தண்டம் விதித்தது. 2021 இல் மூன்றே மாதங்களில் ஐந்து பில்லியனுக்கு மேற்பட்ட அழைப்புகளை அவர்கள் எடுத்திருந்தார்களாம். 2024 ஜூலையில், தொலைக்காட்சியில் ஓயாது விளம்பரம் செய்துவந்த கார்ஷீல்ட் நிறுவனம், விளம்பரங்களில் சொன்னவாறு திருத்தச் செலவுகள் ஈடுசெய்யப்படவில்லை என்ற குற்றச்சாட்டில் மத்திய வர்த்தக ஆணைக்குழுவுக்குப் பத்து மில்லியன் டொலர் செலுத்தி இணக்கத்துக்கு வந்தது. எல்லா நிறுவனங்களும் இப்படியானவை என்று நான் சொல்ல வரவில்லை. கார் உற்பத்தியாளர்களே தமது பெயரில் விற்கும் ஒப்பந்தங்கள் இவற்றைவிட நம்பகமானவை. ஏழாண்டுக்குப் பிறகும் கதவு திறந்திருக்குமா என்பதே இங்கு கேட்கவேண்டிய கேள்வி.

மூடிய கதவைப் பற்றி எனக்குக் கொழும்பில் கிடைத்த அனுபவம் ஒன்று உண்டு. வரிச்சலுகையால் ஹைபிரிட் கார்கள் இலங்கையில் பெருகிய காலத்தில் நானும் பாவித்த கார் ஒன்றை வாங்கினேன். ஹைபிரிட் பற்றரிக்கு ஆறு மாத உத்தரவாதம் என்று விற்பனை நிலையத்தின் கடிதத் தாளில், இறப்பர் முத்திரை குத்தி, எழுதித் தந்தார்கள். அந்த முத்திரை எனக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது. நாலாவது மாதத்தில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. பின் ஆசனத்துக்குப் பக்கத்தில் பற்றரியைக் குளிர்விக்கும் மின்விசிறிக்கு ஒரு வடிகட்டி இருக்கின்றது. அதில் தூசி அடைத்திருக்கின்றது. அதைச் சுத்தம் செய்யாதது உரிமையாளரின் கவனயீனம். கவனயீனத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று விளக்கினார்கள். அப்படி ஒரு வடிகட்டி இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இரண்டு இலட்சம் ரூபாவுக்குச் சற்றுக் குறைவாகச் செலவாயிற்று. அடுத்த ஆண்டு அந்த இடத்தில் தளபாடக் கடை ஒன்று இருந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய கார்களோடு இவ்வாறான எத்தனை முத்திரைக் கடிதங்கள் கைமாறியிருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

மீண்டும் சாப்பாட்டு மேசைக்கு வருகின்றேன். இவ்வகை ஒப்பந்தங்கள் இரண்டு விதமாக எழுதப்படுகின்றன. எவையெவை அடங்கும் என்று பட்டியல் போடுபவை ஒரு விதம். அடங்காதவற்றை மட்டும் பட்டியலிட்டு மீதி எல்லாம் அடங்கும் என்பவை மற்ற விதம். முதலாவது வகையில் பட்டியலில் இல்லாத பாகம் கெட்டால் நமக்கு ஒன்றுமில்லை. ‘எல்லாத்தையும் கவர் பண்ணும்’ என்று விற்கப்பட்ட இந்த ஒப்பந்தம் முதலாவது வகையைச் சேர்ந்தது. பட்டியல் மூன்று பக்கங்களுக்கு நீண்டது. ஒவ்வொரு தடவை திருத்தும்போதும் முதல் 100 டொலர் நம்முடையது. எண்ணெய் மாற்றியமைக்கான பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்திருக்க வேண்டும். மருமகனிடம் எங்கே எண்ணெய் மாற்றுவாய் என்று கேட்டேன். ஸ்காபரோவில் எங்கடை ஆள் ஒருவரின் கராஜில், காசாகக் கொடுத்தால் வரியில்லை, துண்டும் இல்லை என்றான். அந்த ஒரு பழக்கமே உத்தரவாதத்தைச் செல்லாக்காசாக்கப் போதுமானது.

பதினோராம் பக்கத்தில்தான் விடயம் இருந்தது. ஆட்களையோ பொருட்களையோ கூலிக்கு ஏற்றிச் செல்லப் பயன்படுத்தப்படும் வாகனங்களுக்கு, உணவு விநியோகம், பயணிகள் சவாரி உட்பட, இந்த ஒப்பந்தம் செல்லுபடியாகாது என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. மருமகன் வெள்ளி, சனி இரவுகளில் சாப்பாடு விநியோகிக்கின்றான். காரின் மாதத் தவணையில் ஒரு பகுதியை அந்த வருமானத்தில்தான் கட்டப்போகின்றான். இது இரகசியமும் அல்ல. காசு எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அந்த அறையில் அவனே இதைச் சொல்லியிருந்தான். நானும் பக்கத்தில் இருந்தேன்.

மறுநாள் தொலைபேசியில் இதைக் கேட்டபோது அந்த இளைஞர் சற்றும் தயங்கவில்லை. “அதை ஒருத்தரும் பார்க்கமாட்டினம் அங்கிள்” என்றார்.

இந்த வசனத்தைப் பற்றி நான் பல நாட்கள் யோசித்திருக்கின்றேன். பொய் சொல்லவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. தன் அனுபவத்தில் கண்டதைச் சொன்னார். பணத்தை வாங்கும்போது ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்பது உண்மையே. கியர்பெட்டி உடைந்து ஐயாயிரம் டொலர் கேட்டு நிற்கும்போது பார்ப்பார்கள். பார்ப்பதற்கென்றே அந்த நிறுவனத்தில் சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்திருப்பார்கள். அப்போது இந்த இளைஞர் வேறொரு நிலையத்தின் வேறோர் அறையில் இருப்பார். எங்கடை பிள்ளை சொல்கின்றான் என்று வாசிக்காமல் கைச்சாத்திடும் எங்கள் பழக்கத்துக்கும் இந்த வியாபாரத்துக்கும் நல்ல பொருத்தம். வீட்டுக் கடன், ஆயுட் காப்புறுதி, சீட்டு என்று புலம்பெயர்ந்த மண்ணில் இந்த நம்பிக்கை எத்தனை குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியிருக்கின்றது என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் நம்பிக்கை ஆளின் மீது, கைச்சாத்து தாளின் மீது. கோரிக்கை வைக்கும் நாளில் தாள் மட்டுமே பேசும்.

இவ்விடத்தில் இன்னொன்றையும் சொல்லிவைக்க வேண்டும். கூலிக்கு விநியோகம் செய்பவர்கள் அதைத் தமது கார்க் காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவித்திருக்க வேண்டும். மருமகன் அறிவித்திருக்கவில்லை. மேலதிக உத்தரவாதத்தை வாசித்ததால் கிடைத்த நன்மை என்றால் முதலில் இதைத்தான் சொல்வேன். அந்த வாரமே அதைச் சரிசெய்ய வைத்தேன். மாதக் கட்டணம் கூடியது. அதற்கு மருமகன் என்னை இன்னும் மன்னிக்கவில்லை என்று நினைக்கின்றேன்.

மேலதிக உத்தரவாதமே கூடாது என்பது என் கருத்து அல்ல. ஸ்காபரோவில் இருக்கும் என் பழைய பத்திரிகை நண்பர் ஒருவர் பாவித்த ஐரோப்பிய ஜீப் ஒன்றை வாங்கியபோது, உற்பத்தியாளரின் பெயரிலேயே உள்ள ஒப்பந்தத்தைப் பேரம் பேசி எடுத்தார். இரண்டாம் ஆண்டில் கியர்பெட்டி போயிற்று. ஏழாயிரம் டொலருக்கு மேலான பில்லில் அவர் கட்டியது இருநூறு. அவருடைய முடிவு சரி. கார் சிக்கலானது, பாகங்கள் விலை கூடியவை, வருமானம் ஓய்வூதியம் மட்டும், தாள் ஒவ்வொரு பக்கமும் வாசிக்கப்பட்டது. ஒரே நாளில் ஐயாயிரம் டொலரைப் புரட்டமுடியாத ஒருவருக்கு, நட்டம் என்று தெரிந்தும் காப்புறுதி வாங்குவது முட்டாள்தனம் அல்ல. எங்கள் மருமகனும் அந்த வகையினன்தான். அவனுக்கு ஓர் உத்தரவாதம் தேவைப்பட்டது. அவனுக்கு விற்க முயன்றதோ அவன் காருக்குச் செல்லாத ஒன்று. கூலி வாகனங்களுக்கும் பொருந்தும் ஒப்பந்தங்கள் இருக்கின்றன. விசாரித்தோம். விலை ஏறத்தாழ இரட்டிப்பு. அதோடு கதை முடிந்தது.

அதற்குப் பதிலாக மாதாமாதம் அதே 56 டொலரைத் தனிக் கணக்கு ஒன்றில் போட்டுவரும்படி சொன்னேன். தங்கைக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. “கணக்கிலை கிடக்கிற காசு கணக்கிலை கிடக்குமோ அண்ணா?” என்று கேட்டாள்.

இந்த ஒக்டோபரில் தொலைபேசியில் பேசியபோது கார் 37,000 கிலோமீற்றரைத் தாண்டிவிட்டதாகவும் ஒரு குறையும் இல்லை என்றும் மருமகன் சொன்னான். கணக்கில் எவ்வளவு இருக்கின்றது என்று கேட்டேன். 784 டொலர் சேர்ந்ததாம். போன பனிக்காலத்தில் 401 நெடுஞ்சாலையில் ஒரு நாள் கார் வழுக்கியதை இதுவரை தாய்க்குச் சொல்லவில்லையாம். அந்தக் காசில் போன கிழமை நான்கு பனிக்கால ரயர்கள் வாங்கிவிட்டதாகச் சொன்னான்.